மழைப் பெட்டி டிரைவரில் ஒரு வரி

1. இரண்டு கழித்தல் குறிகள்

பேட்ச் என்கிற அந்தத் திருத்தத்தில் இருந்தது இரண்டே வரி. இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி. புதிதாக எதுவும் எழுதவில்லை, ஏற்கெனவே இருந்த இரண்டு வரிகளை எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "பயன்படாத மாறி நீக்கம். செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை" என்று மேலே விளக்கம் போட்டிருந்தது. கெர்னல் வேலையில் நான் பயப்படுகிற வாசகம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரு மாற்றமும் இல்லை என்றால் ஏனய்யா அதில் கை வைக்கிறாய் என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை, மனசுக்குள் திட்டிக்கொள்வதோடு சரி.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். அப்போது பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனியில் சீனியர் இன்ஜினியர். மழை அளக்கும் பெட்டி செய்து விற்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் ஒரு போர்டு, போர்டில் ஒரு கெர்னல். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமட்ட மென்பொருள். மற்ற எல்லாம் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். சிப்போடு பேசுகிற டிரைவர் அதற்குள் இருக்கும். எங்கள் டிரைவரும் உலகம் முழுக்கப் பொதுவான கெர்னலில் ஒரு மூலையில் இருந்தது. அதில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் பேட்சை அந்த வேலை செய்கிற எல்லோரும் படிக்கும் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூவர் நான். நான் 'ரிவ்யூட்-பை' என்ற டேக்கோடு என் பெயரைப் போட்டால்தான், அந்தப் பகுதியைப் பராமரிக்கிற, ஐரோப்பாவில் எங்கோ இருந்த மெயின்டெய்னர் எடுத்துக்கொள்வார்.

எடுத்த வரிகளில் ஒன்று, மதிப்பைப் போட்டுவைக்கும் மாறி என்கிற டப்பாவின் அறிவிப்பு. இன்னொன்று சிப்பில் ரெஜிஸ்டர் என்கிற ஒரு சின்ன நினைவிடத்தைப் படித்து அந்த மாறியில் போடுகிற வரி. போட்டதை அதற்கப்புறம் யாரும் தொடவே இல்லை. அதனால், எழுதியதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைலர் 'வாங்கி வைத்திருக்கிறாய், பயன்படுத்தவில்லையே' என்று வார்னிங் கொடுத்தது. அந்த வார்னிங் போக வேண்டும் என்று இரண்டு வரியையும் எடுத்தாகிவிட்டது.

மற்ற புரோகிராமில் என்றால் இது சரி. ஹார்டுவேரோடு பேசும் இடத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சில சிப்களில் ரெஜிஸ்டரைப் படிப்பதே ஒரு வேலை. சிப் கம்ப்யூட்டரைக் கூப்பிடுவதற்கு இன்டரப்ட் என்று பெயர். நாம் ரெஜிஸ்டரைப் படித்தால்தான் சிப் கூப்பிடுவதை நிறுத்தும். படிக்காவிட்டால் காலிங்பெல்லில் விரலை வைத்து எடுக்காமல் நிற்கிற ஆள் மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவருக்கு வேறு எந்த வேலையும் ஓடாது.

எங்கள் பெட்டிகளில் பழைய சிப், புதிய சிப் என்று இரண்டு வகை இருந்தன. புதியதற்கு அப்படிப் படிக்கிற வரி, அதாவது ரீட், தேவையில்லை. பழையதற்குத் தேவையா என்று மேனுவலில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த வரியை எழுதிய ஆள் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். ஏன் எழுதினோம் என்று ஒரு கமெண்ட் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்படிப் போனவர்களை நான் திட்டாத நாள் இல்லை.

மாறியை எடுக்கலாம், ரீட்டை எடுத்தது சரியில்லை என்று சந்தேகப்படுகிறேன், பழைய போர்டில் சோதித்தீர்களா என்று லிஸ்ட்டில் பதில் எழுதினேன். நிச்சயமாகத் தெரிந்து எழுதவில்லை. என் சந்தேகம் தப்பாக இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் பேட்சை அனுப்பியவன் குமரவேல்.

2. போன்

குமரவேல் வடக்கனந்தல்காரன். நாற்பதைத் தொடப்போகிற வயது, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், சம்பளம் அவன் ஒருவனுடையது. அதே கம்பெனியில் கான்ட்ராக்ட் இன்ஜினியர். கொரோனாவுக்காக ஆபீஸைப் பூட்டி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் சங்கராபுரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தேன், அவன் வடக்கனந்தலில் பார்த்தான். அரை மணி தூரத்தில் கெர்னல் தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறான் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பதில் போன கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"இன்னாண்ணா இப்டி எழுதிட்டீங்க. ரெண்டே வரிதாண்ணா. லிஸ்ட்ல எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

"லிஸ்ட்லதானப்பா எழுதணும். பழைய போர்டுல பாத்தியா?"

"எங்கிட்ட ஏதுண்ணா பழைய போர்டு? லேப்பு பூட்டிக்கினு கெடக்குது. புது போர்டுல ஓட்டிப் பாத்துட்டேன், சூப்பரா ஓடுது."

பிறகு விஷயத்தைச் சொன்னான். கான்ட்ராக்ட் முடிகிற நேரம். புதுப்பிக்க வேண்டுமென்றால் பொதுக் கெர்னலுக்குள் ஒரு பேட்சாவது மெர்ஜ் ஆகியிருக்க வேண்டும் என்று கம்பெனி புதிதாக விதி போட்டிருந்தது. இப்படி ஒரு விதி வந்தால் எல்லோரும் வார்னிங் வேட்டைக்குத்தான் கிளம்புவார்கள். கம்பைலரை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, அது எதையெல்லாம் குறை சொல்கிறதோ அதில் சுலபமானதைப் பிடிப்பது. இவன் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, ஊர் உலகமே செய்கிற வேலை. அவனிடம் இருந்தது இந்த ஒரு பேட்ச்தான்.

அடுத்து மேனேஜர் ராகவன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்.

"அருள், சின்ன கிளீனப்தானே? ஒரு டேக் போட்டு விட்டுடுங்களேன். குமரவேலை விடறதுக்கு எனக்கும் மனசில்ல. ஆனா மெர்ஜ் ஆனது ஒண்ணாவது காட்டணும்."

"பழைய போர்டு நின்னுபோனா?"

"வெளியில பழைய போர்டு எத்தனை இருக்கப்போகுது? அதை யாரு அப்டேட் பண்றா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சின்ன கிளீனப் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரிய பேட்சை நாலு பேர் உட்கார்ந்து படிப்பார்கள். சின்னதை யாரும் படிப்பதில்லை.

மறுநாள் காலை குமரவேல் மறுபடி கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. எங்க ஆளுங்க ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்காங்கன்னு எம்மேல காண்டா?"

அப்போது எங்கள் பக்கம் முழுக்க உள் ஒதுக்கீட்டுப் போராட்டம். தங்களுக்குத் தனியாகப் பங்கு பிரித்துத் தர வேண்டும் என்று அவனுடைய சமூகத்தார் தெருவில் இறங்கியிருந்தார்கள். ஊர் ஊராக மனு, மறியல், பஸ் நிறுத்தம். டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் யார் எவர் என்று தெரியாமல் யாரும் வாய் திறக்கவில்லை. நானோ சங்கராபுரத்துக் கிறிஸ்தவன். எங்கள் தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதோடு எங்களுக்கு எஸ்.சி. சலுகை போனது; ஊர்க்காரர்கள் எங்களைப் பார்க்கிற பார்வை மட்டும் போகவில்லை. இதெல்லாம் குமரவேலுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான்.

"நான் காலேஜுக்குப் போனதே கோட்டாவுலதாண்ணா. எங்க வூட்ல மொத மொத படிச்சவன் நான். இந்தக் கம்பெனியில கோட்டாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு டேக்கு. அதுவும் உங்க கையில இருக்குது."

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் நான் படித்த பேட்சுகளில் ஒன்றில்கூட அனுப்பியவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்ததில்லை. அதைப் போனில் சொல்லி நிரூபிக்க முடியாது.

"குமாரு, மலை மேல வெள்ளிமலைக்கிட்ட ட்ரயலுக்கு வெச்ச பழைய போர்டு ஒண்ணு இருக்குது. நாளைக்கே போலாம். உன் பேட்சு அதுல ஓடுச்சுன்னா அங்கயே டேக் போடறேன். உங்கிட்ட மன்னிப்பும் கேக்கறேன்."

"சரிண்ணா, வாங்க," என்றான்.

3. எந்தத் தெரு

விடிந்ததும் என் பைக்கில் வடக்கனந்தல் போய் அவனை ஏற்றிக்கொண்டேன். லேப்டாப், சீரியல் கேபிள், எஸ்டி கார்டு எல்லாம் அவன் மடியில் ஒரு பையில் இருந்தன. மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் மறியல். நடுவில் கல்லைப் போட்டுச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் டயர் எரிந்த கரி. கொடி கட்டிய குச்சியோடு ஒருவர் எழுந்து வந்து குமரவேலைப் பார்த்தார்.

"யாரு, கோவிந்தன் மவனா? நீ போப்பா. இவரு யாரு?"

"எங்க ஆபீசு அண்ணன், மாமா."

அவர் என் பக்கம் திரும்பினார். "பேரு இன்னாங்க?"

"அருள்ராஜ்."

"ஊரு?"

"சங்கராபுரம்."

"சங்கராபுரத்துல எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. என் அப்பா இந்தக் கேள்விக்கு ஆயுசு முழுக்கப் பதில் சொன்னவர். நான் இன்ஜினியர் ஆகி, வெளிநாட்டுக் கான்பரன்ஸில் பேசி, தலையும் நரைத்துவிட்டது. அப்படியும் வேறு ஒரு தெருவின் பெயரைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன்.

குமரவேல் பின்னாலிருந்து இறங்கினான்.

"எந்தத் தெருவா இருந்தா இன்னா மாமா? எங்கூட வர்றவரு. இவர வுட மாட்டேன்னா நானும் போவல. இங்கயே ஒக்காந்துக்கறேன்."

பையோடு போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தேவிட்டான். அந்த மனிதருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று.

"டேய், ஒரு பேச்சுக்குக் கேட்டா இன்னாடா இப்டி மொறைக்கிற. போங்க, போங்க. திரும்பி வரும்போது வெயில் ஏறிப்புடும், பாத்து வாங்க."

மலை ஏறத் தொடங்கினோம். முந்தின நாள் அவன் என்னிடம் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. இன்று அவன் செய்ததும் கூடவே வந்தது. இதில் எதை எடுத்துப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பேட்ச் ஓட வேண்டுமே என்று மட்டும் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். ரிவ்யூவர் அப்படியெல்லாம் வேண்டிக்கொள்ளக் கூடாது.

4. ஒரு சொம்பு தண்ணீர்

பெட்டி இருந்தது பொன்னம்மா என்பவர் வீட்டு மெத்தையில், அதாவது மொட்டைமாடியில். சுற்றிலும் மரவள்ளிக் காடு. கம்பெனி கொடுத்த சோலார் தகடு, அதன் கீழே பெட்டி, பக்கத்தில் மழை பிடிக்கும் புனல். புனலுக்கு அடியில் சீசா பலகை மாதிரி ஒரு சின்னக் கிண்ணம். தண்ணீர் நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டும். ஒவ்வொரு சாய்வும் ஒரு இன்டரப்ட். பெட்டியின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரியும். கெர்னல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

குமரவேல் பழைய கார்டை எடுத்துவிட்டுத் தன் பேட்ச் போட்ட கெர்னல் இருந்த கார்டைச் செருகினான். போர்டு பூட் ஆனது. விளக்கு மினுக்கியது. லேப்டாப்பில் ஒரு பிழையும் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் கொஞ்சம் தெம்பு.

"மழை வந்தாத்தாண்ணா இன்டரப்ட் வரும்?"

"தண்ணி ஊத்து."

பொன்னம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மழையே இல்ல, அதுல எதுக்குங்க தண்ணி ஊத்தறீங்க?"

"பெட்டி நல்லா இருக்குதான்னு பாக்கறோங்க," என்றேன்.

குமரவேல் ஊற்றினான். உள்ளே கிண்ணம் டொக் என்று சாய்ந்தது. பச்சை விளக்கு எரிந்த நிலையிலேயே நின்றுவிட்டது. லேப்டாப்பில் கர்சர் அசையவில்லை. எந்தக் கீயைத் தட்டினாலும் பதில் இல்லை.

ரீசெட் செய்தான். மறுபடி பூட் ஆனது. இந்த முறை சொம்பைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டான், மெதுவாக விட்டால் போர்டு மன்னித்துவிடும் என்கிற மாதிரி. டொக். விளக்கு நின்றது. இன்னொரு முறையும் செய்தான். அப்போதும் அதேதான்.

பழைய கெர்னலைப் போட்டுச் சொம்பு முழுவதையும் கவிழ்த்தோம். கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருந்தது, விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த ரீட் இல்லாவிட்டால் முதல் மழையின் முதல் கிண்ணத்திலேயே பெட்டி செத்துவிடும்.

குமரவேல் பெட்டியையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அண்ணா, பழைய போர்டு வெளியில கொஞ்சம்தான் கெடக்குது. இந்த மலையில இது ஒண்ணு. இதுக்குப் புதுக் கெர்னல் போடவே மாட்டாங்க. யாரு வந்து பாக்கப்போறா?"

"முடியாது குமாரு."

"தெரியும்ணா. சும்மா கேட்டுப் பாத்தேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு அவன் மேல் இருந்த அன்பு இதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. காலையில் கல்லின் மேல் உட்கார்ந்த அவனுக்கு நான் திருப்பிச் செய்யக்கூடிய ஒரே காரியம் அந்த டேக். என் பெயரும் ஒரு மெயில் முகவரியும், ஒரே வரி. அதைப் போட எனக்குக் கை வரவில்லை. அவனும் அதற்கப்புறம் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேட்சைத் திருத்தினான். மாறியை எடுத்துவிட்டு ரீட்டை மட்டும் தனியாக விட்டான். மேலே, பழைய சிப்பில் படித்தால்தான் இன்டரப்ட் அணையும் என்று ஒரு கமெண்ட் எழுதினான். கம்பைலர் வார்னிங்கும் போனது, தண்ணீர் ஊற்றினாலும் பெட்டி நிற்காமல் ஓடியது. அதைவிடச் சுத்தமான கிளீனப்பை நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னான்: "நேத்து தப்பாப் பேசிட்டேன்ணா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க." சரியாகச் சொன்னதற்காக அன்றைக்குப் பட்ட வேதனையை நான் வேறு எதற்கும் பட்டதில்லை.

5. கதவு சாத்திய பிறகு

மலையில் சிக்னல் இல்லை. கீழே இறங்கிச் சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி, ரோட்டோரத்தில் நின்றே புதிய பேட்சை அனுப்பினான். நானும் அங்கேயே என் போனில் ரிவ்யூட்-பை போட்டேன்.

மறுநாள் மெயின்டெய்னரின் பதில் வந்தது. நல்ல திருத்தம், நன்றி, ஆனால் இந்தச் சுற்றுக்குக் கிளீனப் எடுப்பதை நிறுத்திவிட்டேன், அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். கெர்னலில் அது வழக்கம். வெளியீடு நெருங்கும்போது உடைந்ததைச் சரிசெய்யும் பேட்சுக்கு மட்டும்தான் இடம். எங்களுடையதில் எதுவும் உடைந்திருக்கவில்லை, உடையாமல் காப்பாற்றினோம், அவ்வளவுதான். தப்பான முதல் பேட்சுக்கே நான் பெயர் கொடுத்திருந்தால் கதவு சாத்துவதற்கு முன் அது உள்ளே போயிருக்கும்.

ராகவனைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். எனக்காகக்கூட நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"மெர்ஜ் ஆச்சா, இல்லையா?" என்றார்.

"ஆகும். மெயின்டெய்னரே எழுதியிருக்காரு."

"ஆகும்ங்கறதுக்கு ஷீட்டுல கட்டம் இல்ல அருள். எச்.ஆர். ஆச்சான்னுதான் கேப்பாங்க."

"அவன் மலை ஏறிப் போய் ஒரு பெரிய தப்பைத் தடுத்திருக்கான் சார்."

"தப்பே அவர் பேட்சுலதானே இருந்தது?"

குமரவேலின் கான்ட்ராக்ட் முடிந்தது. லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பேக் செய்ய நான் அட்டைப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மனைவி டீ கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவனுடைய சமூகத்தார் ரோட்டில் உட்கார்ந்து கேட்ட உள் ஒதுக்கீடு பிறகு சட்டமாக வந்தது, அதன்பின் கோர்ட்டில் நிற்காமல் போனது. அது இருந்திருந்தாலும் ராகவனின் ஷீட்டில் அதற்கும் கட்டம் இருந்திருக்காது.

அடுத்த சுற்றில் பேட்ச் மெர்ஜ் ஆனது. மெயின்டெய்னர் சொன்ன சொல் தவறவில்லை. அவருடைய நன்றி மெயில் வந்த கையோடு இன்னொன்றும் எனக்கு வந்தது. பேட்ச் எழுதியவரின் முகவரிக்கு அனுப்பியது திரும்பி வருகிறது, அப்படி ஒருவர் அங்கே இல்லை என்கிறார்கள், வேறு முகவரி தெரியுமா என்று கேட்டிருந்தார். கம்பெனி அவன் கணக்கை மூடியிருந்தது. இப்போதும் உலகத்தில் யார் அந்த டிரைவரின் வரலாற்றைத் திறந்தாலும் குமரவேலின் பெயர் இருக்கும், பக்கத்தில் எங்கும் போய்ச் சேராத முகவரியும் இருக்கும். பேட்ச் அனுப்பும் பிள்ளைகளே, சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள். கம்பெனி முகவரி கம்பெனியுடையது.

அவனுக்கே போன் செய்தேன். சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மோட்டார் பேனல் பார்க்கிற வேலையில் சேர்ந்திருந்தான். பின்னால் மெஷின் சத்தம்.

"குமாரு, பேட்சு உள்ள போயிடுச்சு."

"எந்த பேட்சுண்ணா?" என்றவன், உடனே, "ஓ, அதுவா," என்றான். "மலைப் பெட்டிக்கு மழை வந்துச்சாண்ணா? நிக்காம ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப சரிண்ணா. சூப்பர்வைசர் கூப்புடறாரு, வெக்கட்டுமா?"

ரிவ்யூ செய்ய வரும் இளைஞர்கள் என்னிடம் பாடம் கேட்கிறார்கள். தப்பான பேட்சுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். அது இரண்டு வரி என்றாலும், கேட்கிறவன் உங்களுக்காகக் கல்லில் உட்கார்ந்தவன் என்றாலும், கொடுக்காததால் அவன் வேலை போகும் என்று தெரிந்தாலும், கொடுக்காதீர்கள். இது நல்ல பாடம் என்று நான் சொல்ல மாட்டேன். தேடிப் பார்த்துவிட்டேன், எனக்கு வேறு பாடம் கிடைக்கவில்லை.